கமக்காரரும் முத்திரைத் தராசும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கைக் கரையில் அமைந்தது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் ‘குண்டசாலை மன்னன்’ என அழைக்கப்பட்டான். இன்று அவ்வூர் விவசாயப் பாடசாலையால் பெயர் பெற்றுள்ளது. மண்ணறிதலும் விதைதேர்தலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் விளைவிப்பது ஒரு கலையெனில், விளைந்ததைக் குறைவின்றி அளந்து விற்பது மற்றொரு கலை. அக்கலைக்குக் காவலாக நிற்பது சட்டம்.

பண்டைக் கண்டி நாட்டில் வயலின் பரப்பே விதைநெல்லின் அளவாற் கூறப்பட்டது. 10 லாஹ ஒரு பேல; 4 பேல ஓர் அமுணம். பின்னர் கொத்தும் புசலும் வழக்கில் வந்தன. 32 கொத்து ஒரு புசல். அவ்வளவு நெல்லின் நிறை ஏறக்குறைய 21 கிலோகிராம். முகத்தல் அளவையில் ஒரு குறை உண்டு. குவித்து அளந்தால் ஒரு கணக்கு. தலைதட்டி அளந்தால் வேறொரு கணக்கு. வாங்கும்போது குவிப்பதும் விற்கும்போது தட்டுவதும் சிலருக்குக் கைவந்த கலையாயிற்று. ஆகவே நிறுத்து விற்பதே நேரிய வழியெனத் துணிந்தனர்.

இலங்கையில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு வழி வகுக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இத்துறையை முழுமையாக ஒழுங்கு செய்தது. அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இதனை நடத்துகின்றது. வியாபாரத்திற் பயன்படும் தராசும் படிக்கல்லும் நியம நிறைகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, முத்திரை பெறல் வேண்டும். வில் தராசு நாளடைவில் தளரும். மின்தராசு சமதளத்தில் இல்லாவிடிற் பிழை காட்டும். எனவே ஒருமுறை பெற்ற முத்திரை என்றென்றைக்கும் போதாது.

தராசு நேராயிருந்தாலும் கமக்காரர் நட்டமடையக்கூடும். அது எவ்வாறெனின், நெல்லின் ஈரப்பதனால் என்க. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனை எல்லையாகக் கொள்கின்றது. ஒருவர் 20 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லைக் கொணர்ந்தார் எனக் கொள்வோம். அதில் நீர் நீங்கிய பொருள் 80 கிலோ. அதனை 14 வீத ஈரத்துக்குக் கணக்கிட்டால் 93 கிலோ நெல்லாகும். ஆகவே 7 கிலோ கழிப்பது நியாயம். 10 கிலோ கழித்தால் 3 கிலோ அநியாயம். அன்றியும், ஈரமானி 20 என்பதை 22 எனப் பிழையாகக் காட்டினால் மேலும் 2 கிலோவுக்கு மேல் பறிபோகும். ஆதலின் தராசைப் போலவே ஈரமானியும் செம்மையாயிருத்தல் இன்றியமையாதது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வழக்குத்தான். மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் தராசின் முள்ளில் தொங்குகின்றது. கூடைக்கும் சாக்குக்கும் தண்ணீருக்கும் எனக் கண்மதிப்பாகக் கழிக்கும்போது அவள் உழைப்பின் ஒரு பங்கு எழுத்தின்றி மறைகின்றது. வெற்றுச் சாக்கை நிறுத்தறிந்து அதன் உண்மை நிறையைக் கழிப்பதே முறை.

விற்பவர் கவனிக்க வேண்டியவை சிலவே. பாரம் ஏற்றுமுன் தராசு சுழியில் நிற்கின்றதா என நோக்குக. முத்திரையையும் அதன் ஆண்டையும் பார்க்குக. ஐயமெழுந்தால் நிறையறிந்த ஒரு பொருளை வைத்துச் சோதிக்குக. கழிவின் காரணத்தையும் கணக்கையும் கேட்டுப் பற்றுச்சீட்டிற் பதியச் செய்க. குறை தீராவிடின் மாவட்டத்திலுள்ள அளவீட்டுப் பரிசோதகரிடம் முறையிடுக.

இவ்வாறு கேட்பது வியாபாரியை அவமதிப்பதாகாது. நேர்மையான வியாபாரிக்கும் முத்திரைத் தராசே அரண். கள்ளத் தராசுடன் போட்டியிட்டு அவர் நெடுநாள் நிலைத்தல் அரிது. நான்கு திங்கள் வெயிலிலும் சேற்றிலும் பாடுபட்டவன், சந்தையில் நிற்கும் அந்த நான்கு நிமிடங்களிலும் விழித்திருப்பானாக.