ஜாடியில எழுதின கை

திரையில இருக்கிற இந்த ஜாடியைப் பாருங்க. நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடிக்குப் பெரியப்பா மாதிரி இருக்குல்ல? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல முட்டைக்கோஸ் ஊறுகாய், உப்புப் போட்ட இறைச்சி, வெண்ணெய் எல்லாத்தையும் இதுலதான் வச்சாங்க. வயித்துல நீலமா ‘4’னு இருக்கே, அது வருஷக் கணக்கு இல்ல. 4 கேலன் பிடிக்கும்னு அர்த்தம். சுமார் 15 லிட்டர்.

இந்த ஜாடிங்களைச் சுடுற சூளை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல கொதிக்கிறப்ப உள்ள உப்பை அள்ளி வீசுவாங்க. உப்பு ஆவியாகி, மண்ணுல இருக்கிற சிலிக்காவோட சேர்ந்து, கண்ணாடி மாதிரி படிஞ்சிடும். தடவினா ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா தட்டுப்படும். அந்த நீலம், கோபால்ட்.

இப்ப விலைக்கு வருவோம். ‘பழசு, பெருசு’ங்கிறதுக்காக மட்டும் யாரும் பணத்தைக் கொட்ட மாட்டாங்க. வெறும் எண் இருந்தா சாதாரண விலை. கையால வரைஞ்ச பறவையோ மானோ இருந்தா விலை எகிறும். அடுத்தது முத்திரை. வெர்மான்ட்ல பென்னிங்டன் ஊர்ல நார்ட்டன் குடும்பம் 1793லேர்ந்து 1894 வரைக்கும் ஜாடி செஞ்சாங்க. தொழில் கூட்டாளிங்க மாறுறப்ப முத்திரையும் மாறும். ‘ஜே. அண்ட் இ. நார்ட்டன்’னு இருந்தா அது 1850கள்ல செஞ்சது.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. விரலால சுண்டுங்க, சந்தையில பானையைத் தட்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். கணீர்னு கேட்டா நல்லது, மொத்துன்னு கேட்டா எங்கேயோ விரிசல். அடுத்து, கடைக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால நீலத்தைத் துடைங்க. பஞ்சுல நீலம் ஒட்டினா, பின்னாடி யாரோ பூசின பெயின்ட். சூளையில வெந்த கோபால்ட் அசையாது.

கடைசியா ஒரு ஜாடி. தென் கரோலினாவுல எட்ஜ்ஃபீல்ட் பகுதியில டேவ்னு ஒரு குயவர், அடிமையா இருந்தவர். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கக் கூடாதுன்னு 1834ல அந்த மாநிலம் சட்டமே போட்டுது. அவரோ ஈர மண்ணுல தன் பேரையும் தேதியையும் எழுதினார். சிலதுல ஈரடிப் பாட்டும் எழுதினார். 1858ல அவர் செஞ்ச 25 கேலன் ஜாடி ஒண்ணு 2021ல ஏலத்துக்கு வந்து, 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சு. அவர் உழைச்ச காலத்துல அவர் உடம்பே அவருக்குச் சொந்தமில்ல.

அதனால ஜாடியைக் கையில எடுத்தா முதல்ல சுத்திப் பாருங்க. அதுல எழுதினது யாரோட கைன்னு தேடுங்க. விலை பேசுறதெல்லாம் அப்புறம்.