ஓநாய்க்கு ஐந்து கஜம்

ஆறடி ஆளைத் தலை முதல் கால் வரை ஓநாய் மனிதனாக மாற்ற, சுமாராக 5 கஜம் செயற்கை ரோமத் துணி பிடிக்கும். அந்தத் துணியின் அகலம் 60 அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 7 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காஞ்சிபுரம் பட்டுப் புடவை ஐந்தரை மீட்டர் நீளம், 48 அங்குல அகலம். அதன் பரப்பு 6.7 சதுர மீட்டர். மணப்பெண்ணுக்கும் ஓநாய்க்கும் ஏறத்தாழ ஒரே அளவு துணி. ரவிக்கைத் துண்டையும் சேர்த்தால் மணப்பெண்தான் முந்துகிறாள்.

இந்தக் கணக்கைப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஃபர்சூட் தைப்பது என்று ஒரு தொழில் வெளிநாட்டில் வளர்ந்திருக்கிறது. மனிதரைப் போல நடந்து பேசும் மிருகப் பாத்திரத்தைத் தாங்களே கற்பனை செய்து, அதன் வேடத்தை அணிந்து கூடும் ரசிகர்களுக்காக, ஒவ்வொருவர் அளவுக்கும் தனித்தனியாகத் தைத்துத் தரும் உடை அது. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் இந்த ரசிகர்களின் முதல் மாநாடு நடந்தபோது வந்தவர்கள் 65 பேர். 2023இல் சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில் கூடியவர்கள் 15,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் வேடம் போடுவதில்லை. போடுகிறவர்களோ கடையில் வாங்குவதில்லை. ஓரிருவர் மட்டுமே இருக்கும் சிறிய பட்டறைகளில் முன்பணம் கட்டி, வரிசையில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முழு உடைக்கு 3,000 முதல் 6,000 டாலர் வரை சாதாரணமாகக் கேட்கிறார்கள். பெயர் பெற்ற கைகள் இன்னும் அதிகம் கேட்கும்.

நடுவாக 4,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் வீதம் 3,40,000 ரூபாய். கைத்திறனுக்குக் காத்திருந்து காசு கொடுக்கிற ஆட்கள் இருக்கும்போது, கைத்திறனுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து அந்தக் காசு எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பதில் தவறில்லை. கீழே உள்ளது விலைகளை நடுத்தரமாக வைத்து நான் போட்ட மதிப்பீடு. பட்டறைக்குப் பட்டறை மாறும்.

ரோமத் துணி, 5 கஜம்: 175 டாலர்
தலைக்கும் பாதத்துக்கும் நுரைப் பலகை: 70
லைனிங், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சு: 45
கண்ணுக்கு வலைத்துணி, அக்ரிலிக் வண்ணம்: 15
பல், நகம், மூக்கு, நாக்கு வார்க்க ரெசினும் சிலிக்கானும்: 100
பாதத்துக்குள் வைக்க ஷூ, அடியில் ரப்பர்: 50
ஜிப், நூல், பசை, மூக்குக்குள் சிறிய மின்விசிறி: 45
ஆகமொத்தம்: 500 டாலர்

விலையில் எட்டில் ஒரு பங்குதான் சரக்கு. கூரியர், வரி, வாடகை, மெஷின் தேய்மானம் என்று இன்னொரு 500 டாலரைக் கழித்துவிடுங்கள். மீதி 3,000 டாலரும் உழைப்புக்கு. முழு உடைக்கு 150 மணி நேரம் என்பது பழகிய கைக்கு நியாயமான கணக்கு. மணிக்கு 20 டாலர், அதாவது 1,700 ரூபாய். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. அதைப் போல இரண்டே முக்கால் மடங்கு. பெரும் செல்வம் இல்லை, கௌரவமான கூலி.

அந்த 150 மணியில் தலைக்கு மட்டுமே 50 போகும். ரோமம் அதிகம் பிடிக்காத பகுதி அது. ஓர் அங்குல நுரைப் பலகையை வெட்டி, குரங்குக் குல்லாய் மேல் ஒட்டி, கத்திரியால் செதுக்கிச் செதுக்கி முகவாயை நீட்ட வேண்டும். ஓநாய்க்கு அது நீளம். நீளம் கூடக்கூட, உள்ளே இருப்பவருக்குத் தன் கால் தெரியாது. கண் என்பது வண்ணம் தீட்டிய வலைத்துணி. வெளியே நிற்பவருக்கு மஞ்சள் விழி, உள்ளே இருப்பவருக்குச் சல்லடை. அதைச் சற்று உள்வாங்கி வைத்தால், நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஓநாய் உங்களையே பார்ப்பதுபோல இருக்கும். கீழ்த்தாடையை அணிபவரின் முகவாயோடு எலாஸ்டிக்கால் பிணைத்தால், அவர் பேசும்போது வாய் திறக்கும். மூச்சுக்கு வழியும் அதுதான்.

உடலுக்கு 40 மணி. இங்கே முதல் செலவு அளவு எடுப்பது. வாடிக்கையாளர் எங்கோ தொலைவில் இருக்கிறார். பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, வீட்டார் உதவியோடு உடம்பு முழுக்க டக்ட் டேப் சுற்றி, முதுகில் வெட்டிக் கழற்றி, அந்தக் கூட்டை அனுப்பி வைக்கிறார். நம் தையல்காரர் கேட்கும் அளவு ஜாக்கெட்டைப் போலத்தான், தலையைத் தவிர்த்து முழு ஆளுக்கும். அதற்குள் பஞ்சை அடைத்து நிறுத்தினால் ஆள் வந்து நின்ற மாதிரி. ரோமத் துணியைக் கத்திரியால் வெட்டக் கூடாது, முடி பாதியில் நறுங்கிவிடும். பின்பக்கம் பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். ரோமம் படியும் திசை தலையிலிருந்து காலுக்கு இறங்க வேண்டும் என்பதால் துண்டுகளைத் திருப்பிப் போட்டுத் துணியை மிச்சம் பிடிக்க வழியில்லை. மனித உடம்பின் தோல் சுமார் 1.8 சதுர மீட்டர்தான். அதைப் போர்த்த கிட்டத்தட்ட 7 சதுர மீட்டர் போவதற்கு இந்தச் சேதாரமும், பின்னங்கால் வளைவுக்காக அடைக்கும் பஞ்சின் பருமனும், வாலும் பிடரியும் காரணம்.

கை, பாதத்துக்கு 30 மணி, வாலுக்கும் பொருத்திப் பார்ப்பதற்கும் 10. மீதி 20 மணியும் மழிப்பதற்கு. நாய்க்கு முடி வெட்டும் மெஷினை வைத்து முகவாயில் ஒட்ட மழித்து, கன்னத்தில் அரை அங்குலம் விட்டு, பிடரியில் நாலு அங்குலம் அப்படியே விடுவார்கள். துணி மிருகமாவது இந்த இருபது மணியில்தான் என்பது என் கருத்து. அதற்கு முன்னால் அது ஒரு பொம்மை.

சினிமாவில் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1941இல் வந்த தி உல்ஃப் மேன் படத்துக்கு ஜாக் பியர்ஸ், லான் சேனி ஜூனியரின் முகத்தில் கவரிமா ரோமத்தை ஒட்டினார். 1981இல் வந்த ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன் படத்துக்காக ரிக் பேக்கர் 1982இல் ஆஸ்கர் வாங்கினார். ஒப்பனைக்கென்று ஆண்டுதோறும் தரும் பிரிவு தொடங்கியதே அந்த முறைதான். ஓநாய்தான் அதைத் திறந்து வைத்தது.

இனி காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் வருவோம். பட்டுத் தொழிலில் சரக்கின் கணக்கு கிராம் வரை துல்லியம். சரிகையை மார்க் கணக்கில் எடுப்பார்கள். ஒரு மார்க் 242 கிராம். தமிழ்நாடு சரிகை நிறுவனத்தின் தரத்தில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. ஒரு மார்க்கில் வெள்ளி 96.8 கிராம், தங்கம் 1.21 கிராம். கூலி நெசவில் பட்டும் சரிகையும் எடை போட்டுக் கொடுக்கப்படும், நெய்த புடவை எடை போட்டு வாங்கப்படும். குறைந்தால் கேள்வி வரும்.

மணிக்கணக்கு மட்டும் எந்தச் சீட்டிலும் இல்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வைப் புடவை என்றால் தறியில் ஒருவர் போதாது, கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். 15 நாள், நாளுக்கு 8 மணி, இரண்டு பேர்: 240 மணி. பாவு ஓட்டுவதும், பழைய பாவின் இழைகளோடு புதியதை ஒவ்வொன்றாகப் பிணைப்பதும், வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதும் இதில் சேரவில்லை. கூலி எவ்வளவு என்பதைத் தெரிந்த நெசவாளரிடம் கேட்டு 240ஆல் வகுத்துப் பாருங்கள். நாடு முழுக்க எடுத்த 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அதை ஒரே ஆளின் வருமானம் என்று தாராளமாக வைத்து, 26 நாள், 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 24 ரூபாய். ஓநாய்க்காரரின் 1,700 இதைப்போல 70 மடங்கு. காஞ்சியின் பட்டு நெசவுக் கூலி நாட்டுச் சராசரியை விட மேல்தான், அமெரிக்காவில் விலைவாசியும் அதிகம்தான். இரண்டையும் கழித்தாலும் இடைவெளி மூடாது.

இடைவெளிக்குத் திறமை காரணமில்லை. கோர்வை போடத் தெரிந்த கைக்கு நுரை செதுக்குவது பெரிய காரியமில்லை. ஓநாய்க்காரர் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசுகிறார். தலைக்கு இவ்வளவு, கால் வளைவுக்கு இவ்வளவு, கூடுதல் நிறம் ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதிக் கேட்கிறார். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என மூன்று படமும் நிறப்பட்டியலும் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்கும். உழைப்புக்கு அங்கே தனி வரி இருக்கிறது. காஞ்சியின் காந்தி ரோடு பட்டுக் கடை ரசீதில் புடவைக்கு ஒரே வரிதான்.

வேடம் கட்டுவதிலும் காஞ்சிக்குச் சொந்தக் கணக்கு உண்டு. ஊருக்கு வெளியே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திவந்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது. 2002 முதல் 2020 வரை அங்கே குருகுலமும் நடந்தது. கூத்துக்குப் பெயர் தந்த கட்டைகள், அதாவது கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டியவை. ஃபர்சூட்டுக்கு நேர்மாறான சிக்கனம் இதில் இருக்கிறது. கட்டை எவர் அளவுக்கும் செய்ததில்லை, கயிறு இறுக்கினால் யாருக்கும் சேரும். இன்று துரியோதனன் கட்டிய புஜக்கட்டையை நாளை இரணியன் கட்டலாம். முகத்தை மட்டும் நடிகர் இரவுக்கு இரவு தன் கையால் எழுதிக்கொள்கிறார். ஒரு ஜோடிக் கட்டையின் செலவு பல ஆண்டு இரவுகளின் மேல் பரவிவிடும்.

ஓநாயின் செலவு அப்படிப் பரவாது. ஆண்டுக்கு மூன்று மாநாடு, மாநாட்டுக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி என்றால் 36 மணி. ஐந்து ஆண்டில் 180. அணியும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 1,900 ரூபாய். சிரிக்க வேண்டாம். முகூர்த்தப் புடவையை வாழ்நாளில் நாலு முறை, முறைக்கு ஐந்து மணி கட்டினால் 20 மணி. 240 மணி நெய்ததற்கு 20 மணி உடுத்தல்.

உள்ளே இருப்பவரின் கணக்கும் ஒன்று உண்டு. நடக்கும் மனித உடம்பு சுமார் 300 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதை வியர்வையால் மட்டுமே தணிப்பதென்றால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை ஆவியாக வேண்டும். ரோமத்துக்கும் நுரைக்கும் அடியில் அது ஆவியாவதில்லை, சொட்டுகிறது. குளிரூட்டிய அரங்கிலேயே அரை மணிக்கொரு தரம் தலையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, விசிறி முன் உட்காருகிறார்கள். கை பிடித்து வழிகாட்ட ஓர் உதவியாளரும் தேவை. சித்திரை மாதக் காஞ்சியில் பகலில் ராஜ வீதியில் இதை மாட்டிக்கொண்டு நடப்பது தற்கொலைக்குச் சமம். கூத்தை இரவில் தொடங்கி விடியும்வரை ஆடுவதில் எத்தனையோ காரணம் இருக்கலாம், சட்டை மேல் கட்டை கட்டியவருக்கு இந்த வெப்பம் ஒன்றே போதும்.

ஆகவே வாங்குபவர் வெளிநாட்டுக்காரர்தான். இங்கே செய்தால் என்ன ஆகும்? பொம்மைக்கான குட்டை ரோமத் துணி சென்னையில் கிடைக்கும். நாலு அங்குலப் பிடரிக்கான தரத்தை இறக்குமதி செய்யலாம். சரக்கு 500 டாலரோடு இறக்குமதிச் செலவையும் சேர்த்து 60,000 ரூபாய் என்று ஒதுக்குங்கள். முதல் உடைக்கு 150 மணி போதாது, இரட்டிப்பு ஆகும். 300 மணி, மணிக்கு 300 ரூபாய்: 90,000. மொத்தம் ஒன்றரை லட்சம். வெளிநாட்டு விலையில் பாதிக்கும் குறைவு, கூலியோ மேலே சொன்ன 24 ரூபாயைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. கழுத்துத் தையல் பிரிந்தால் யார் செலவில் திருப்பி அனுப்புவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். முன்பணம் பாதி, படம் ஒப்புக்கொண்டபின் கால், பெட்டி கட்டும் முன் கால் என்று வாங்குவது நல்லது. அளவுக்குத் தைத்த ஓநாயை வேறு ஆளுக்கு விற்க முடியாது.

பெட்டி என்றதும் கூரியர்க் கணக்கு. உடை மொத்தம் 7 கிலோ இருக்கலாம். ஆனால் கூரியர்க்காரர் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார், எது அதிகமோ அந்த எடைக்குக் காசு. 60, 50, 50 சென்டிமீட்டர்ப் பெட்டி 30 கிலோ. உடலை மடித்து அழுத்தலாம், நுரைத் தலையை அழுத்தினால் முகவாய் கோணிவிடும். தலையைத் தனியாக 40 சென்டிமீட்டர்க் கனப் பெட்டியில் வைத்தால் அதுவே 12.8 கிலோ. விலைப்புள்ளி கொடுக்கும்போதே இதைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் நாற்பது மணிக் கூலி கூரியருக்குப் போய்விடும்.