அழ மறந்த குழந்தைகள்

புகாரெஸ்ட் அனாதை இல்லங்களுக்குள் நுழைந்த ஆய்வாளர்களை முதலில் உலுக்கியது அங்கிருந்த அமைதிதான். வரிசையாகக் கட்டில்கள், அவற்றில் குழந்தைகள், ஆனால் அழுகுரல் இல்லை. அழுதாலும் தூக்க யாரும் வருவதில்லை என்று அவை தெரிந்துகொண்டிருந்தன.

ருமேனியாவில் செளஷெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்ததன் விளைவு அது. 1989இல் அவர் வீழ்ந்தபோது அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்தார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் 2000இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றார்கள். மற்றவர்கள் இல்லத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்கும் குடும்பம் கிடைத்தால் போகத் தடையில்லை.

முடிவு தெளிவாகவே இருந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் பாசம் காட்டப் பழகினார்கள், சிரித்தார்கள். சுமார் 2 வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். தாமதமாகப் போனவர்களிடம் பலன் குறைவு.

2 வயதுக்குட்பட்டவர்களை, கடும் ஊனமுள்ளோர் தவிர, இல்லங்களில் சேர்ப்பதை ருமேனியா 2004இல் சட்டமியற்றித் தடுத்தது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகவே சொல்கிறது. வளர்ப்புக் குடும்பத்துக்கும் இடமளிக்கிறது. அப்படியொரு குடும்பத்தைத் தேடி முடிப்பதற்குள் குழந்தைக்கு இரண்டு வயது கடந்துவிடக் கூடாது.