தேரைக்கு உப்புப் போடாதீர்கள்!

மாரி பிறந்துவிட்டால் கொண்டச்சி போன்ற வறண்ட ஊர்களின் வீடுகளுக்கு அழையாத விருந்தாளி ஒன்று வந்துவிடும். குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டு, பெரிய கண்களால் உங்களையே பார்க்கும் மரத்தேரைதான் அது! பிள்ளைகள் அதைப் போத்தலில் அடைத்து வளர்க்கக் கேட்பார்கள். பெரியவர்களோ விளக்குமாற்றையும் உப்பையும் தேடுவார்கள். சகோதரிகளே, இரண்டும் வேண்டாம்.

தேரை மோந்தால் தேங்காய் வெறுமையாகும் என்பது வெறும் கதை. தேரையின் உணவு பூச்சி; தேங்காய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மருந்துக்காகக்கூடத் தவளையைக் கொல்ல வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

உப்பு ஏன் கொடுமை? தவளை வாயால் நீர் குடிப்பதில்லை; தோலால் உறிஞ்சுகிறது. தோலாலும் சுவாசிக்கிறது. உப்புப் பட்டால் உடலின் நீர் வெளியேறித் துடித்துச் சாகும். சவர்க்காரம், குளோரின், பூச்சிமருந்து எல்லாம் அந்தத் தோல் வழியாகவே உள்ளே போகும். ஆகவே, தொட நேர்ந்தால் நல்ல நீரில் நனைத்த கையால் மெதுவாகத் தொடுங்கள். பிறகு மறக்காமல் கையைக் கழுவுங்கள்.

அப்படியானால் பிள்ளையின் ஆசை? முட்டையிலிருந்து வளர்க்கட்டும்!

தொட்டியின் உட்சுவரில், நீருக்கு மேலே, வெள்ளை நுரைக்கட்டி ஒன்று தொங்குகிறதா? அதுதான் தேரையின் கூடு. பெண் தேரை பின்னங்கால்களால் நுரையைக் கடைந்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை அதற்குள் காயாமல் வைக்கிறது. சில நாட்களில் வாற்பேய்கள் நீரில் விழும். குடிநீர்த் தொட்டியென்றால் கூட்டை ஓர் இலையால் வழித்தெடுத்து, மழைநீர் நிறைந்த பேசனுக்கு மேல் வையுங்கள். உவர்நீர் கூடாது. குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

பேசனில் பத்துப் பன்னிரண்டு போதும். மற்றவற்றை அருகிலுள்ள மழைக்குட்டையில் விட்டுவிடுங்கள். நிழலில் வைத்து, அவித்த கீரை சிறிது கொடுங்கள். மிஞ்சியதை அன்றே எடுத்துவிட்டு, இரண்டு நாளுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

பேசனை வலையால் இறுக மூடுவது மிக முக்கியம். இல்லையேல் நுளம்பு முட்டையிடும். தேரையின் வாற்பேய்கள் டெங்கு நுளம்பின் முட்டைகளைத் தின்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அதற்காக நாம் அசட்டையாக இருக்கலாமா? வாற்பேய் இருந்தாலும் தொட்டிக்கு மூடி வேண்டும்.

ஒன்றரை, இரண்டு மாதங்களில் முன்னங்கால்கள் முளைக்கும். அப்போது ஒரு கல்லையோ குச்சியையோ சாய்த்து வையுங்கள். ஏறிவர இடமில்லாவிட்டால் குஞ்சுத்தேரை நீரிலேயே மூழ்கிப்போகும்! வால் கரையும்வரை அதற்கு இரை தேவையில்லை. வாலே அதற்கு உணவு.

வால் கரைந்ததும் ஈரமான ஒரு மாலையில், வாழையடியிலோ பூச்சாடிகளுக்கிடையிலோ விட்டுவிடுங்கள். இனி உயிருள்ள பூச்சிகளைத்தான் தின்னும். அதைப் போத்தலுக்குள் யாரால் தேடிக்கொடுக்க முடியும்? பூச்சிமருந்து தெளிக்காத வளவே அதற்கு நல்ல கூண்டு. அடுத்த மாரியில் இரவு முழுவதும் அது கத்துவதைக் கேட்கும்போது, "நான் வளர்த்தது!" என்று உங்கள் பிள்ளை சொல்லட்டும்.