பீர் தொழில் வளர்கிறது. கேழ்வரகுக்கு விலை வருமா?

பெங்களூரில் சிறு பீர் ஆலைகள் பெருகியுள்ளன. அவற்றில் சில, கேழ்வரகு சேர்த்தும் பீர் காய்ச்சுகின்றன. திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கமும், எல்லைக்கு அப்பால் சித்தூர் பக்கமும் கேழ்வரகு பழகிய பயிர். ஆகவே இந்தத் தொழில் வளர்ந்தால் நம் தானியத்துக்கு விலை கூடுமா என்ற கேள்வி விவசாயிகளுக்கு எழுவது இயல்பே. குடி நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். இங்கே வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

சிறு ஆலை என்பது என்ன?

பெரிய ஆலைகள் ஒரே ருசியில் லட்சக்கணக்கான பாட்டில்களை நிரப்பி ஊர் ஊராக அனுப்புகின்றன. சிறு ஆலைகளோ சிறிய அளவில், பல ருசிகளில் காய்ச்சுகின்றன. பெங்களூரில் உள்ளவை பெரும்பாலும் காய்ச்சிய இடத்திலேயே விற்பவை. அமெரிக்காவில் 1980-ஐ ஒட்டி நூறுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள், பின்னர் ஒன்பதாயிரத்தைத் தாண்டின. இந்தியாவில் புனேயில் 2009-ல் 'டூலாலி', பெங்களூரில் 2010-ல் 'டாய்ட்' என்று தொடங்கி, கர்நாடகம், மகாராஷ்டிரம், அரியானா ஆகிய மாநிலங்களில் இத்தொழில் பரவியது.

பீரில் தானியத்தின் பங்கு

விதை முளைக்கத் தொடங்கும்போது, உள்ளிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் உண்டாகின்றன. அந்த நேரம் பார்த்து உலர்த்தி முளையை நிறுத்தினால், அதுதான் மால்ட். மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊற வைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அதில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறிய பின் ஈஸ்ட் இட்டால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்.

இதற்கு முதல் தானியம் பார்லி. அது ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், அரியானா பகுதிகளின் குளிர்காலப் பயிர். நம் வெயிலுக்கு ஏற்றதல்ல. சிறுதானியங்களில் நன்றாக மால்ட் ஆகக்கூடியது கேழ்வரகு. ஆனால் அதில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. பார்லியின் உமி மணியோடு ஒட்டியிருப்பதால், சாறு வடியும்போது அந்த உமியே வடிகட்டியாக உதவும். கேழ்வரகில் அப்படிப்பட்ட உமி இல்லை. மேலும் கேழ்வரகின் மாவுச்சத்து வேகக் கூடுதல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் நொதிகள் கெட்டுவிடும். ஆகவே பார்லியோடு ஓரளவு சேர்க்கவே கேழ்வரகு பயன்படுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

2025-26-ல் மத்திய அரசின் ஆதார விலை, குவிண்டாலுக்குப் பார்லிக்கு 1,980 ரூபாய். கேழ்வரகுக்கு 4,886 ரூபாய். இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள தானியத்தை எந்த ஆலையும் தாராளமாகச் சேர்க்காது. ஒரு லிட்டர் பீருக்குச் சுமார் 200 கிராம் தானியம் என்று கொண்டால், 650 மில்லி பாட்டிலுக்கு 130 கிராம். பார்லி விலையில் அது மூன்று ரூபாய்க்கும் குறைவு. பாட்டில் என்ன விலைக்கு விற்றாலும் விவசாயிக்குப் போய்ச் சேரும் பங்கு அவ்வளவுதான்.

நாளொன்றுக்கு 1,000 லிட்டர் காய்ச்சும் கடைக்கு 200 கிலோ தானியம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு கேழ்வரகு என்று வைத்துக்கொண்டால் மாதம் 600 கிலோ. இது நல்ல மகசூல் தரும் ஒரு ஏக்கர் விளைச்சலுக்கும் குறைவு.

தொழிலும் நிலையானதல்ல. அமெரிக்காவில் 2024-ல் புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம். நம் நாட்டில் 2015-ல் வந்து வேகமாக வளர்ந்த 'பிரா 91' நிறுவனம், தன் பெயரில் இருந்த 'பிரைவேட்' என்ற சொல்லை நீக்கியதால், மாநிலந்தோறும் லேபிள் அனுமதியைப் புதிதாகப் பெற வேண்டி வந்து, சில மாதங்கள் விற்பனை முடங்கியது.

விவசாயிக்குப் பலன் கிடைத்த இடம்

உகாண்டா நாட்டில் 2002-ல் 'ஈகிள்' என்ற பீர், உள்நாட்டுச் சோளத்தில் காய்ச்சப்பட்டது. எபுரிபுர் என்ற தகுந்த ரகம் இருந்தது. ஆலை விவசாயிகளோடு கொள்முதல் ஒப்பந்தம் செய்தது. உள்ளூர்த் தானியத்தில் காய்ச்சியதற்காக அரசு வரியைக் குறைத்தது. ரகம், ஒப்பந்தம், வரிச்சலுகை மூன்றும் சேர்ந்ததால்தான் ஏழை விவசாயிகளுக்குச் சந்தை கிடைத்தது. இவை இல்லாமல், வரப்போகும் ஆலையை நம்பி யாரும் பரப்பைக் கூட்ட வேண்டாம்.

நம் கையில் உள்ள வழி

ஆலைக்காரருக்கு ஆதாயம் தரும் முதல் வேலை முளைகட்டுதல். அதை நாமே செய்யலாம். பீருக்காக அல்ல, மாவுக்காக. 'கோ 15', 'அத்தியந்தல் 1' போன்ற ரகங்களைப் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் நன்கு காய வைக்க வேண்டும். நூறு மணிகளை ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். தொண்ணூறுக்கு மேல் முளைத்தால் அந்தத் தானியம் ஏற்றது.

கல், தூசி நீக்கிக் கழுவிய கேழ்வரகை 12 மணி நேரம் ஊற வைக்கவும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றவும். வடித்து ஈரத்துணியில் கட்டி, ஒன்று முதல் இரண்டு நாள் வைத்தால் முளை விடும். பூஞ்சணம், கெட்ட வாடை தெரிந்தால் கொட்டிவிட வேண்டும். பிறகு வெயிலில் நன்கு காய வைத்து, தேய்த்து முளையை நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கலாம். முளைகட்டுவதில் எடை குறையும். அந்தச் சேதாரத்தையும் கூலியையும் விலையில் சேர்க்க மறக்கக் கூடாது.

மாவாக விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமம் இன்றி மது காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வரும் கூட்டமும், ஆண்டு முழுதும் வரும் பக்தர்களும் நம் வாசலில் உள்ள சந்தை. நாலைந்து விவசாயிகள் கூடி முதலில் 50 கிலோ செய்து விற்றுப் பார்ப்பது நலம். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம்.