படகு வீட்டில் இரவு தங்கப் போறீங்களா? தீ, புகை, அலாரம்... ஏறும் முன் பார்க்க வேண்டியவை என்ன?

பள்ளிகளுக்கு லீவு விட்டாலும் சரி, சபரிமலை சீசன் வந்தாலும் சரி, ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கமிருந்து கேரளாவுக்கு வேன்கள் கிளம்பிவிடும். அப்படிப் போகிறவர்களில் பலருடைய பிளானில் ஆலப்புழை படகு வீடும் இருக்கும். முட்டல் ஏரியில் அரை மணி நேரம் படகில் சுற்றி வருவது வேறு. படகிலேயே சமைத்து, சாப்பிட்டு, ஏ.சி. போட்டுக் குடும்பத்தோடு தூங்குவது வேறு.

படகு என்றதும் எல்லோருக்கும் வருவது தண்ணீர் பயம்தான். லைஃப் ஜாக்கெட் இருக்கா என்று கேட்கிறோம். "தீப்பிடிச்சா என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் குறைவு. சுற்றிலும் தண்ணீர் இருக்கும் இடத்தில் தீ அவ்வளவு ஆபத்தா?

நடந்த 3 சம்பவங்கள் சொல்வது என்ன?

ஆலப்புழை, ஜனவரி 2020: வேம்பநாட்டு ஏரியில் பாதிராமணல் தீவு அருகே சுற்றுலாப் பயணிகளுடன் சென்ற படகு வீடு தீப்பிடித்து எரிந்தது. குழந்தைகள் உட்பட 13 பயணிகள் இருந்தார்கள். நடந்தது பட்டப்பகலில். கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் இருந்தவர்கள் விரைந்து வந்து உதவ, எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

ஸ்ரீநகர், நவம்பர் 11, 2023: தால் ஏரியில் விடியும் முன் பற்றிய தீயில் 5 படகு வீடுகள் எரிந்து போயின. வங்கதேசத்தைச் சேர்ந்த 3 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர்.

கலிஃபோர்னியா, செப்டம்பர் 2, 2019: 'கன்செப்ஷன்' என்ற சுற்றுலாப் படகில் அதிகாலை சுமார் 3 மணிக்குத் தீ. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். மேல்தளத்தில் இருந்த ஊழியர்கள் 5 பேர் மட்டும் பிழைத்தார்கள்.

பகலில் நடந்த விபத்தில் எல்லோரும் விழித்திருந்தார்கள், தப்பினார்கள். மற்ற இரண்டும் ஆட்கள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் நடந்தவை. படகு வீட்டில் ஆபத்தான நேரம் ராத்திரிதான்.

தூங்குகிறவருக்குப் புகை வாசம் தெரியாதா?

தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனா ஆழ்ந்த தூக்கத்தில் மூக்கு நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது. தீயில் சிக்கி இறப்பவர்களில் பெரும்பாலானோர் உடல் எரிந்து இறப்பதில்லை, புகையை சுவாசித்துத்தான் இறக்கிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜன் சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் அப்படியே மயக்கமாக மாறிவிடும்.

காது மட்டும் தூக்கத்திலும் ஓரளவு வேலை செய்யும். அதனால்தான் புகை அலாரம் தேவை. புகை கொஞ்சம் பட்டாலே சுமார் 85 டெசிபல் அளவில் அலறி எழுப்பிவிடும்.

படகில் தீ வேகமாகப் பரவுவது ஏன்?

ஆலப்புழையில் ஓடும் படகு வீடுகளின் மூல வடிவம், ஒரு காலத்தில் நெல்லும் மசாலாப் பொருட்களும் ஏற்றிச் சென்ற 'கெட்டுவள்ளம்'. அயினி மரப் பலகைகளைக் கயிற்றால் பிணைத்து, முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசி, மேலே மூங்கிலும் பாயும் வைத்துக் கூரை போடுவார்கள். பார்க்க அழகு. ஆனா எல்லாமே எரியக்கூடிய பொருள். தால் ஏரிப் படகு வீடுகளும் மரத்தால் ஆனவைதான்.

இதோடு 3 விஷயங்கள் சேர்கின்றன.

கேஸ்: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் தரையோடு பரவும், கதவைத் திறந்துவிட்டால் வெளியேறவும் வழி இருக்கும். படகின் அடிப்பாகம் கிண்ணம் மாதிரி. கசிந்த கேஸ் அங்கேயே தேங்கி நிற்கும், ஒரு சின்னப் பொறி போதும்.

மின்சாரம்: ஏ.சி., ஃபேன், ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஈரக்காற்றில் வயர் இணைப்புகள் சீக்கிரம் கெடும். லோடு கூடும்போது அந்த இடம் சூடாகும்.

ஜெனரேட்டர்: கரை மின்சாரம் இல்லாத இடத்தில் ராத்திரி ஏ.சி. ஓடுவது இதில்தான். இதன் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் இல்லாததால், மூடிய அறைக்குள் வந்தாலும் தெரியாது.

தரையில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம், ஃபயர் சர்வீஸ் வண்டி வரும். ஏரி நடுவே அந்த வண்டி வராது. அதனால் தீ சின்னதாக இருக்கும்போதே தெரிய வேண்டும்.

அலாரம் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. கன்செப்ஷன் படகில் தூங்கும் அறையில் புகை உணரும் கருவிகள் இருந்தன. ஆனா தீ பிடித்தது அதற்கு மேலே இருந்த பொது அறையில். அங்கே கருவி இல்லை. தூங்கும் அறைக்கு வெளியேறும் வழி இரண்டு இருந்தும், இரண்டுமே அந்தப் பொது அறைக்குள்தான் திறந்தன. ராத்திரி விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஆளும் இல்லை. எல்லா அறைகளிலும் அலாரம் இருக்க வேண்டும், ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்கும்படி இணைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.

எந்த அலாரம் எங்கே?

• படுக்கை அறை, நடைபாதை, ஹால்: ஒளியால் புகையை உணரும் 'ஆப்டிகல்' வகை. மெத்தை, வயர் போன்றவை புகைந்து எரிவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

• சமையலறை: வெப்பத்தை உணரும் வகை. புகை அலாரத்தை இங்கே வைத்தால் தாளிக்கும் போதெல்லாம் கத்தும். கடைசியில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

• கார்பன் மோனாக்சைடு அலாரம்: இது தனிக் கருவி. புகை அலாரம் இந்த வேலையைச் செய்யாது. பிரிட்டனில் கால்வாய்ப் படகுகளுக்கான பாதுகாப்புத் திட்டம், தங்கும் வசதி உள்ள படகுகளில் இதை 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம். இயந்திரத்தில் ஓடும் படகுகளுக்குப் பதிவும், ஆய்வுச் சான்றிதழும் தேவை. உயிர்காக்கும் சாதனங்களும் தீயணைப்பு சாதனங்களும் இருக்க வேண்டும். எனவே "சர்டிஃபிகேட் இருக்கா, எந்தத் தேதி வரைக்கும்?" என்று கேட்பதில் தயங்க ஒன்றும் இல்லை.

ஏறியதும் 5 நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

1. படுக்கை அறையில் அலாரம் இருக்கா? டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள், சத்தம் வர வேண்டும்.

2. தீயணைப்பான் எங்கே இருக்கிறது? அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா?

3. அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா? ஜன்னல் திறக்கிறதா, கம்பி அடித்திருக்கிறதா?

4. குழந்தைகள் சைஸ் உட்பட எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா? பூட்டிய பெட்டியில் இருந்தால் ராத்திரி உதவாது.

5. ஜெனரேட்டர் புகை எந்தப் பக்கம் போகிறது? ராத்திரி விழித்திருக்கும் ஊழியர் யார்?

நம்ம பக்கம் செய்யக்கூடாதது

வேனில் அடுப்பும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போய், வழியில் சமைத்துச் சாப்பிடுவது நம்ம பக்கம் சகஜம். அந்த சிலிண்டரைப் படகுக்குள் கொண்டு போக வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். மூடிய இடமும், தூக்க நேரமும், கேஸும் சேர்ந்தால் ரயிலோ படகோ ஆபத்து ஒன்றுதான். கொசுவத்திச் சுருள், சாமி விளக்கு, கற்பூரம், படுக்கையில் சார்ஜ் போட்ட செல்போன் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அலாரம் அடித்துவிட்டால்?

• முதலில் எல்லோரையும் எழுப்புங்கள். பை, நகை, செல்போன் தேட வேண்டாம்.

• புகை மேலே நிற்கும். குனிந்து அல்லது தவழ்ந்து வெளியே வாருங்கள். வந்ததும் பின்னால் கதவைச் சாத்துங்கள்.

• லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த முனைக்குப் போங்கள். கரையோரம் என்றால் உடனே இறங்குங்கள்.

• எரியும் எண்ணெயிலும் மின்சாரத் தீயிலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

• கேஸ் வாசம் மட்டும் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

• அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101.

படகு புக் செய்யும்போது ஏ.சி. இருக்கா, கரிமீன் கிடைக்குமா என்று கேட்கிறோம். அதோடு, "புகை அலாரம் இருக்கா?" என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தால் உரிமையாளர்களும் மாட்ட ஆரம்பிப்பார்கள். 'இல்லை' என்று பதில் வந்தால், பகல் சவாரி மட்டும் போய்விட்டு ராத்திரி கரையில் ரூம் எடுத்துத் தூங்குவதே நல்லது.