பசி அடங்கினால் தேவை தீர்ந்துவிடுமா?



"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று குழுக் கூட்டங்களில் நாங்கள் கேட்பதுண்டு. பலர் சொல்லும் பதில் இதுதான்: "ஒரு டீ குடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன். அப்புறம் பசியே எடுக்கலை." பசி எடுக்கவில்லை என்றால் உடம்புக்குச் சாப்பாடு வேண்டாம் என்று அர்த்தமா? இல்லவே இல்லை.

பசி வயிற்றில் தெரிந்தாலும் அதை நடத்துவது மூளைதான். இரைப்பை காலியானதும் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து, இரத்தம் வழியாக மூளைக்குச் சேதி சொல்கிறது. 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் இது கூடும். சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகக் குறைந்துவிடும். இதைத்தான் "பசி அடங்கிப் போச்சு" என்கிறோம். தவணை கேட்டு வந்தவர் திரும்பிப் போய்விட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும்.

"போதும்" என்று சொல்லவும் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. சாப்பிடச் சாப்பிட இரைப்பை விரிவது நரம்பு வழியாக மூளைக்குத் தெரியும். சாப்பாடு சிறுகுடலுக்குப் போனதும் அங்கிருந்தும் சேதி போகும். இதற்கெல்லாம் சுமார் 20 நிமிடம் ஆகும். பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால், சேதி போவதற்குள் தேவைக்கு மேல் சாப்பிட்டுவிடுவோம்.

டீ பசியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், சாப்பாட்டுக்கு ஈடாகாது. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேருவதையும் குறைக்கும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. நம் குழுவில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்!

நாம் செய்யக்கூடியவை:

1. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிடுவோம். பழைய சோறு என்றாலும் சரி, கூட வேர்க்கடலையோ சுண்டலோ இருக்கட்டும். பருப்பு, முட்டை, கீரை சேர்ந்தால் பசி தாங்கும்.

2. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிப்போம்.

3. எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாமல், நம் பங்கையும் முதலிலேயே எடுத்து வைப்போம். முடிந்தால் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவோம்.

பல நாளாகப் பசியே இல்லை, தலை சுற்றுகிறது, எடை குறைகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புப் பணம் வாங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அக்கா, இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?"